ஒப்பிட ஒரு பாத்தி

மானாவாரிப் பருத்தி போடுகிறவர்களுக்கு வேளாண் துறை நெடுநாளாகச் சொல்லிவரும் யோசனை ஒன்று உண்டு. விதையைப் பொட்டாசியம் குளோரைடு கரைத்த தண்ணீரில் சில மணி நேரம் ஊறப்போட்டு, எடுத்து நிழலில் உலர்த்தி, பழைய ஈரப்பதத்துக்குக் கொண்டுவந்த பிறகு விதைக்க வேண்டும். விதை கடினப்படுத்துதல் என்று பெயர். புரட்டாசியில் ஒரு மழை பெய்து விதை முளைத்து, அடுத்த மழை தாமதமானால், இப்படிப் பக்குவப்படுத்திய விதையின் செடி கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். சிவகாசிப் பக்கத்து ஆமத்தூரைச் சுற்றிப் பட்டாசு ஆலைக் கொட்டகைகளுக்கு நடுவே கிடக்கும் கரிசல் காடுகளில் இதைச் செய்கிறவர்கள் உண்டு. இருக்கிற வேலைக்கு இது வேறா என்று விட்டவர்களும் உண்டு. செய்து பார்த்தவர் ஒருவர், “ஒண்ணும் பெரிய வித்தியாசம் தெரியலண்ணே” என்று டீக்கடையில் சொல்லலாம். வேளாண் அலுவலரிடமே நேரில் சொல்லலாம். அவர் குறித்துக்கொள்வார், அல்லது குறித்துக்கொள்கிறவர் மாதிரித் தலையாட்டுவார். யாரையும் போலீஸ் பிடித்துக்கொண்டு போகாது.

1930களில் சோவியத் ஒன்றியத்திலும் விதையை ஊறப்போட்டார்கள். அங்கே “வித்தியாசம் தெரியவில்லை” என்று சொன்னவர்களுக்கு நேர்ந்த கதை வேறு.

உக்ரைனில் 1927-28, 1928-29 ஆகிய இரண்டு பருவங்களிலும் கடுங்குளிரில் கோதுமை பெருமளவு அழிந்திருந்தது. அந்தச் சமயத்தில் திரோஃபிம் லைசென்கோ என்ற இளம் வேளாண் ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். இலையுதிர் காலத்தில் விதைத்து, பனியைக் கடந்து, மறு ஆண்டு அறுக்கும் குளிர்காலக் கோதுமையின் விதையை ஈரமாக்கிக் குளிரில் வைத்திருங்கள்; வசந்தத்தில் விதையுங்கள்; அதே ஆண்டில் கதிர் வந்துவிடும் என்றார். அவருடைய தந்தை 1929ல் தம் நிலத்தில் இதைச் செய்து காட்டியதாகப் பத்திரிகைகள் எழுதின. குடியானவர் மகன், பட்டணத்துப் பேராசிரியர்களுக்குத் தெரியாததைக் கண்டுபிடித்துவிட்டான்! அன்றைய ஆட்சிக்கு இதைவிட இனிப்பான செய்தி கிடையாது.

சொன்னதில் பாதி உண்மை. நம் பள்ளிப் பாடப்புத்தகத்தில் இது தட்பப்பதனம் என்ற பெயரில் இருக்கிறது. லைசென்கோவுக்கு முன்பே 19ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்த விஷயம். ஜெர்மானியரான கஸ்டாவ் காஸ்னர் 1918ல் இதை முறையாக ஆராய்ந்து எழுதியும் இருக்கிறார். குளிர்காலக் கோதுமையில் பூப்பதைத் தடுத்து நிறுத்தும் மரபணு ஒன்று இருக்கிறது. அடுத்தடுத்துப் பல வாரம் குளிர் பட்டால் இன்னொரு மரபணு விழித்துக்கொண்டு அந்தத் தடையை அடக்கும். பிறகுதான் பயிர் பூக்கத் தயாராகும். குளிர் நாட்டுச் செடிக்கு இது உயிர்காக்கும் ஏற்பாடு. மார்கழிப் பனியைத் தவிர வேறு குளிர் தெரியாத நம் பருத்திக்கும் சோளத்துக்கும் இதனால் பயனில்லை.

கோளாறு மற்றப் பாதியில் இருந்தது. குளிரில் பட்ட பக்குவம் அடுத்த தலைமுறை விதைக்கும் இறங்கும், ஒரு பயிரின் இயல்பையே இப்படிப் பழக்கிப் பழக்கி மாற்றிவிடலாம் என்றார் லைசென்கோ. மரபணு என்ற ஒன்றே முதலாளித்துவக் கற்பனை என்பதுவரை போனார். இன்று மரபணுவின் மேல் ஏறும் வேதி அடையாளங்களைப் பற்றிய துறை வளர்ந்திருப்பதைக் காட்டி, “லைசென்கோ சொன்னது சரிதான் போலிருக்கிறதே” என்று எழுதுகிறவர்கள் ரஷ்யாவில் உண்டு. அராபிடாப்சிஸ் என்ற கடுகுக் குடும்பச் சிறுசெடியில் இதை அடிமுதல் நுனிவரை ஆராய்ந்திருக்கிறார்கள். குளிர் பட்ட நினைவு அந்தச் செடியின் உயிரணுக்களில் வேதி அடையாளமாகப் பதிவது உண்மை. ஆனால் அடுத்த விதையின் கரு உருவாகும்போது அந்த அடையாளம் துடைக்கப்பட்டுத் தடை மறுபடியும் பழைய இடத்துக்கு வந்துவிடுகிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் குளிரைத் தானே பட்டாக வேண்டும். லைசென்கோவின் மையமான கோரிக்கை விழுந்துபோகும் இடம் இதுதான்.

தவறான கோட்பாடு சொன்னது குற்றமில்லை. அறிவியலில் பாதிக்கு மேல் தவறான கோட்பாடுகள்தாம். அவை எப்படிச் சாகின்றன என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கரிசலுக்குப் பருத்தி ரகம் தேடி 1901 முதல் இயங்கிவரும் கோவில்பட்டி வேளாண் ஆராய்ச்சி நிலையத்துக்குப் போனால், புது ரகம் எதையும் தனியாக விதைத்துப் பார்க்க மாட்டார்கள். பக்கத்துப் பாத்தியில் ஏற்கெனவே நிலைபெற்ற ரகம் ஒன்று இருக்கும். ‘செக்’ என்பார்கள். ஒரே மண், ஒரே மழை, ஒரே களையெடுப்பு. இது மட்டும் போதாது என்று அதே ஜோடியைப் பல இடங்களில், பல ஆண்டு திருப்பித் திருப்பிப் போடுவார்கள். செக்கைத் தாண்டாத ரகத்தை, அதை உருவாக்கியவர் எத்தனை பெரிய ஆளாக இருந்தாலும், கைவிட்டுவிடுவார்கள். பெயர்பெற்ற கருங்கண்ணிப் பருத்தியிலிருந்து தேர்ந்தெடுத்த ரகங்களும் இந்தச் சல்லடையில் விழுந்து எழுந்தவைதாம்.

லைசென்கோ செக் பாத்தியை ஒதுக்கிவிட்டு, கூட்டுப் பண்ணைகளுக்கு வினாப்படிவம் அனுப்பினார். தட்பப்பதனம் செய்தீர்களா, எத்தனை ஹெக்டேர், மகசூல் எவ்வளவு கூடியது? பண்ணைத் தலைவர் நிரப்பி அனுப்ப வேண்டும். இலக்கை எட்டாத பண்ணைத் தலைவர் நாசவேலைக்காரர் என்று பட்டம் வாங்கும் காலம் அது. விதையை ஈரமாக்கி, கொட்டகையில் பரப்பி, நாள்கணக்கில் மண்வெட்டியால் கிளறிக்கொண்டிருந்ததில் பூஞ்சணம் பிடித்துப் போனதை அந்தப் படிவத்தில் யார் எழுதுவார்? கூடியது என்று எழுதினார்கள். அத்தனை படிவங்களையும் கூட்டி நாடு முழுவதற்கும் ஒரு மகசூல் கணக்கு வந்தது.

கான்ஸ்தாந்தினோவ் என்ற பயிர்ப் பெருக்க அறிஞரும் அவர் கூட்டாளிகளும் முறையாகச் சோதித்தார்கள். ஐம்பதுக்கும் மேற்பட்ட சோதனைத் தளங்கள், ஐந்து ஆண்டுகள். குளிர்ப் பக்குவம் செய்த கோதுமைக்கும் செய்யாததற்கும் சொல்லும்படியான வேறுபாடு இல்லை. லைசென்கோ தந்த பதிலில் புள்ளிவிவரம் எதுவும் இல்லை. இப்படிப்பட்ட பிழையான தரவுகள் துடைத்தெறியப்படும்போது அவற்றைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களும் சேர்த்துத் துடைத்தெறியப்பட்டதைக் கான்ஸ்தாந்தினோவ் எண்ணிப் பார்க்கட்டும் என்றார். 1935 பிப்ரவரியில் கிரெம்ளின் கூட்டம் ஒன்றில் லைசென்கோ தம் எதிர்ப்பாளர்களை வர்க்கப் பகைவர்களோடு சேர்த்துப் பேசியபோது, ஸ்டாலின் எழுந்து சபாஷ் சொன்னார். அதற்குப் பிறகு எந்தப் பாத்தியில் எது விளைந்தாலும் என்ன?

புகழ்பெற்ற கணித மேதை கொல்மகோரோவ் 1940ல் ஒரு சிறு கட்டுரை எழுதினார். லைசென்கோவின் மாணவி ஒருவர் மரபியலின் அடிப்படையான மெண்டல் விதிகளை மறுப்பதாகச் சொல்லி வெளியிட்ட எண்களையே எடுத்து, அவை மெண்டலை அழகாக மெய்ப்பிக்கின்றன என்று காட்டினார். உயிரியலுக்குக் கணிதம் தேவையில்லை என்று பதில் வந்தது. கொல்மகோரோவுக்கு ஒன்றும் ஆகவில்லை. கணிதத்தையும் இயற்பியலையும் ஆட்சி பெரிதும் விட்டே வைத்திருந்தது. இயற்பியலையும் சார்பியலையும் ‘திருத்த’ 1949ல் திட்டமிட்ட மாநாட்டைக்கூடக் கடைசி நேரத்தில் ரத்து செய்துவிட்டார்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் தேதி அவர்களுக்கு முதல் அணுகுண்டு வெடித்தாக வேண்டியிருந்தது. சிவகாசிப் பக்கத்து வாசகருக்கு இதை விளக்க வேண்டாம். திரியில் நெருப்பு வைத்த வெடி புஸ்ஸென்று போனால் கலவையில் தவறு என்று அந்த இடத்திலேயே தெரிந்துவிடும். எந்தத் தலைவர் பாராட்டிய கலவை என்பது அங்கே எடுபடாது. பயிரும் கால்நடையும் மனித உடலும் அப்படி உடனே காட்டிக்கொடுப்பதில்லை. ஒரு போகம் பொய்த்தால் மழை சரியில்லை என்னலாம், மண் சரியில்லை என்னலாம், எதிரி கெடுத்துவிட்டான் என்னலாம். சர்வாதிகாரத்துக்கு உயிரியல் வாகாக அமைந்துபோவது இதனால்தான். விடை தாமதமாக வருகிறது. வருகிற விடைக்கும் பல உரை சொல்ல இடமிருக்கிறது.

இந்தக் கதை நம் பக்கத்தைத் தொட்ட இடம் ஒன்று உண்டு. கோயம்புத்தூர்க் கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் 1934 முதல் பணியாற்றிவந்தவர் ஜானகி அம்மாள். தலச்சேரியில் 1897ல் பிறந்து, சென்னை ராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் படித்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931ல் முனைவர் பட்டம் பெற்றவர். இனிப்புக் கரும்பை நாணல் இனக் காட்டுப் புற்களோடும், மக்காச்சோளத்தோடும்கூடக் கலந்து பார்த்து, குரோமோசோம்களை எண்ணுவது அவர் வேலை. அந்த நிலையத்தின் வெற்றியே அத்தகைய கலப்பில்தான் தொடங்கியது. சீமைக் கரும்பின் சாற்றையும் காட்டு நாணலின் உறுதியையும் சேர்த்து 1918ல் வெளியான கோ 205 வட இந்தியக் கரும்புச் சாகுபடியைப் புரட்டிப் போட்டது. காட்டு உறவினச் செடிகளைத் தேடிச் சேர்த்தால்தான் பயிருக்கு எதிர்காலம் என்ற இதே எண்ணத்தோடு ஐந்து கண்டங்களிலும் அலைந்து விதை சேர்த்தவர் ரஷ்யரான நிக்கோலாய் வவிலோவ். லெனின்கிராடில் அவர் கட்டிய விதைச் சேமிப்பு அன்று உலகிலேயே பெரியது. பயிர்கள் பிறந்த தாயகங்கள் என்று அவர் குறித்த நிலப்பரப்புகளில் இந்தியாவும் ஒன்று.

உலக மரபியல் மாநாடு 1937ல் மாஸ்கோவில் நடக்க வேண்டியது. சோவியத் அரசு அதைக் கைவிட்டது. கடைசியில் 1939 ஆகஸ்டில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் கூடியது. தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்த வவிலோவை வர விடவில்லை. சோவியத் அறிஞர் ஒருவர்கூட வரவில்லை. மாநாடு தொடங்கிய ஆகஸ்ட் 23 அன்றுதான் மாஸ்கோவில் ஹிட்லரின் அமைச்சரும் ஸ்டாலினின் அமைச்சரும் கைகுலுக்கி உடன்படிக்கை போட்டார்கள். போர் நெருங்குவது தெரிந்ததும் ஜெர்மன் பிரதிநிதிகள் பாதியில் கிளம்பினார்கள். கோயம்புத்தூரிலிருந்து அந்த மாநாட்டுக்குப் போன ஜானகி அம்மாள் போரால் இங்கிலாந்திலேயே தங்க நேர்ந்தது. அங்கே மரபியலாளர் சி.டி. டார்லிங்டனோடு சேர்ந்து 1945ல் அவர் வெளியிட்ட பயிர்க் குரோமோசோம் அட்டவணை, உலகப் பயிர்ப் பெருக்கக்காரர்களுக்கு நெடுங்காலம் கைநூலாக இருந்தது. வவிலோவ் 1940 ஆகஸ்ட் 6 அன்று உக்ரைனில் விதை தேடிக்கொண்டிருந்தபோது கைதானார். மரண தண்டனை 20 ஆண்டுச் சிறையாகக் குறைக்கப்பட்டது. 1943 ஜனவரி 26 அன்று சராத்தவ் சிறையில் பட்டினியால் நலிந்து இறந்தார். உலகத்தின் பசி தீர்க்க விதை சேர்த்தவர்! அவருடைய நிலையத்தில் நெல் விதைகளைக் காத்துவந்த திமித்ரி இவானோவ், லெனின்கிராடு முற்றுகையின்போது, சுற்றிலும் நெல் மூட்டைகள் இருக்க அவற்றைத் தொடாமல் பசியால் இறந்தார்.

போர் முடிந்து 1948 ஆகஸ்டில் மாஸ்கோவில் நடந்த வேளாண் அகாதமிக் கூட்டத்தில், தம் அறிக்கையைக் கட்சியின் மத்தியக் குழு பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டது என்று லைசென்கோ அறிவித்தார். ஸ்டாலினே பென்சில் பிடித்துத் திருத்திய அறிக்கை அது. மரபியல் பாடம் பல்கலைக்கழகங்களிலிருந்து போனது. மரபியல் ஆய்வுக்காகப் பழ ஈக்களை வளர்த்த ஆய்வுக்கூடங்கள் மூடப்பட்டன. ஒரே இனத்துச் செடிகள் தங்களுக்குள் போட்டியிடுவதில்லை, வர்க்க உணர்வுள்ள தொழிலாளர் மாதிரி ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுக்கும் என்று சொல்லிக் குழிக்குப் பல ஓக் மர விதைகளைக் கொத்தாகப் புதைத்தார்கள். பெரும்பாலானவை பட்டுப்போயின. பருத்திச் செடிக்கு இடைவெளி விடாமல் விதைத்தால் என்ன ஆகும் என்று எங்கள் பக்கத்தில் கேட்டிருந்தால் இலவசமாகச் சொல்லியிருப்பார்கள்.

பிரிட்டனில் டார்லிங்டன் லைசென்கோவை வெளிப்படையாகக் கண்டித்தார். மரபியலைக் கணித அடிப்படையில் நிறுத்திய மூவரில் ஒருவரான ஜே.பி.எஸ். ஹால்டேன் அன்று கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர். பி.பி.சி. வானொலியில் இதைப் பற்றிப் பேச அழைத்தபோது அவர் மழுப்பினார். உண்மை தெரிந்தவர், தம் கட்சிக்காக அதை அரைக்குரலில் சொன்னார். அவர் எழுதியவற்றில் எனக்குப் பிடித்தவை நிறைய. இந்தப் பக்கம் மட்டும் பிடிக்காதது. பிறகு கட்சியை விட்டு விலகினார். 1957ல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்து, வேட்டி ஜிப்பாவோடு இந்தியராகவே வாழ்ந்தார். இங்கேயும் சும்மா இருக்கவில்லை. நிறுவனத்தோடு மோதி 1961ல் ராஜினாமா செய்தார். சி.எஸ்.ஐ.ஆர். என்ற மத்திய அரசு ஆராய்ச்சிக் குழுமத்தைச் சுதந்திர ஆராய்ச்சியை ஒடுக்கும் குழுமம் என்று கேலி செய்தார். அவருக்கு என்ன ஆயிற்று? ஒடிசாவில் பிஜு பட்நாயக் அரசு புவனேசுவரத்தில் புது ஆய்வுக்கூடம் தந்தது. 1964 டிசம்பர் 1 அன்று இறக்கும்வரை அங்கேதான் இருந்தார்.

லைசென்கோவைக் கீழே இறக்க, ஸ்டாலினுக்குப் பின் வந்த க்ருஷ்சேவின் பதவி போக வேண்டியிருந்தது. 1965ல் லைசென்கோவின் சோதனைப் பண்ணைக்கு ஒரு விசாரணைக் குழு போய்க் கணக்குப் புத்தகங்களைப் புரட்டியபோதுதான், கொழுப்பு மிகுந்த பால் தரும் பசுக்கள் என்று அவர் பெருமை பேசிய எண்கள் எப்படி வந்தவை என்று வெளிப்பட்டது.

ஜெர்மனியில் கதை தலைகீழ். அங்கே மரபியலைத் தடை செய்யவில்லை, தலையில் வைத்துக் கூத்தாடினார்கள். 1933 ஜூலைச் சட்டத்தின்படி பரம்பரை நோயாளி என்று முத்திரை குத்தி ஏறத்தாழ 4 லட்சம் பேருக்கு வலுக்கட்டாயமாகக் கருத்தடை செய்தார்கள். அதற்கு அறிவியல் முலாம் பூசியவர்கள் மருட்டப்பட்ட பேராசிரியர்கள் இல்லை. பதவியும் நிதியும் தேடி அவர்களாகவே வந்தார்கள். அவர்களில் முக்கியமானவர் பெர்லின் மானுடவியல் நிறுவனத் தலைவர் ஆய்கன் ஃபிஷர். நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்குச் சில ஆண்டு முன்பு அவரிடம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தவர், பின்னாளில் பேர்பெற்ற மானுடவியலாளரான மராட்டியப் பெண்மணி இராவதி கார்வே. மண்டையோட்டின் இட வலச் சமனின்மைக்கும் இனத்துக்கும் தொடர்பு உண்டா என்று அளந்து பார்க்கும் வேலை அவருக்கு. இல்லை என்று எழுதிக் கொடுத்தார், ஆசிரியர் எதிர்பார்த்ததற்கு நேர் எதிராக. பட்டமும் பெற்றார். 1933க்குப் பிறகு அதே இடத்தில் அதே முடிவை எழுத ஆள் கிடைத்திருப்பாரா என்பது ஐயம்.

சீனாவில் மாவோ 1958ல் நெருக்கி நடவும் ஆழ உழவும் கட்டளையாக்கினார், லைசென்கோவின் சரக்கு. தானியம் தின்னும் சிட்டுக்குருவிகளைக் கொல்லச் சொன்னார். அவற்றின் இரைப்பைகளை அறுத்துப் பார்த்த விலங்கியலாளர்கள் பூச்சிகளையும் அவை ஏராளமாகத் தின்பதைச் சொல்லிப் பார்த்தார்கள். 1960ல்தான் ஒழிக்க வேண்டிய பட்டியலில் குருவி போய் மூட்டைப்பூச்சி வந்தது. அதற்குள் பஞ்சம் தொடங்கிக் கோடிக்கணக்கில் மக்கள் மாண்டார்கள்.

ஆனால் அதே மாவோவின் ஆட்சியில், கலாசாரப் புரட்சியின் நடுவில்தான் மலேரியாவுக்கான ஆர்ட்டெமிசினின் மருந்தும் கிடைத்தது. வியட்நாம் காடுகளில் போரிட்டவர்கள் மலேரியாவில் விழுந்துகொண்டிருந்ததால், 1967 மே 23 அன்று 523 என்ற ரகசியத் திட்டம் தொடங்கியது. து யூயூ குழுவினர் பழைய வைத்திய நூல்களைத் துருவிப் பல நூறு மூலிகைச் சாறுகளைச் சோதித்துத் தள்ளி, ஒன்றைப் பிடித்தார்கள். 2015ல் அவருக்கு நோபல் பரிசு. சர்வாதிகாரத்தில் நல்ல உயிரியல் நடக்கவே நடக்காது என்று சொல்வது தவறு என்பதற்கு இது போதும். ஆனால் அங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். காய்ச்சலில் கிடக்கும் சிப்பாய்க்கு மருந்து பலிக்காவிட்டால் அதை மறைப்பதில் யாருக்கும் லாபமில்லை. ‘இது பலிக்கவில்லை, அடுத்தது’ என்று சொல்லும் உரிமை அந்த ஓர் ஆய்வுக்கூடத்துக்குள் இருந்தது. ஆட்சி தவறான கோட்பாட்டைப் பிடித்துக்கொள்வது இரண்டாவது கேடு. பலிக்கவில்லை என்ற சேதி மேலே போகும் வழியை அடைப்பதுதான் முதல் கேடு என்று நான் நினைக்கிறேன்.

தேர்தலில் ஜெயித்த தலைவரும் இதைச் செய்யலாம். இலங்கையில் கோத்தபய ராஜபக்ச 2021 மே மாதம் ரசாயன உர இறக்குமதியை ஒரே அடியில் தடை செய்தார். விளைச்சல் சரியும் என்று சொன்ன பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் புத்தி மாரம்பே வேளாண் அமைச்சின் பொறுப்புகளிலிருந்து நீக்கப்பட்டார். நெல்லும் தேயிலையும் விழுந்தன. நவம்பரில் தடையை விலக்கினார்கள். பிடித்து அடைக்காமல் பதவி நீக்கத்தோடு விட்டதாலும், விவசாயிகள் தெருவுக்கு வர முடிந்ததாலும், அங்கே ஆறே மாதத்தில் சேதி மேலே போய்ச் சேர்ந்தது.

நம் நாட்டில் அந்த வழி அடைபட்டுக் கிடந்தது 21 மாதம். 1975 ஜூன் 25 முதல் 1977 மார்ச் 21 வரை, நெருக்கடி நிலை. அப்போது நடந்ததில் உயிரியல் துளியும் தப்பில்லை. ஆண் கருத்தடை என்பது மருத்துவத்தில் மிக எளிய அறுவைகளில் ஒன்று. விரைகளிலிருந்து விந்தணுவை எடுத்துச் செல்லும் குழாயை இருபுறமும் வெட்டிக் கட்டிவிடுவது. உள்ளூர் மரப்பு ஊசி போதும். கால் மணி நேரம். ஆண்மை சுரப்புநீர் நேராக ரத்தத்தில் கலப்பதால் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பலம் போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் கிடையாது. குழாயில் முன்பே தங்கியிருக்கும் விந்தணுக்கள் வெளியேறச் சுமார் மூன்று மாதம் ஆகும். அதுவரை வேறு தடுப்பு வேண்டும். பிறகு ஒரு விந்துப் பரிசோதனை. பெண்ணுக்குச் செய்வதற்கோ வயிற்றைத் திறந்தாக வேண்டும். ஆபத்தும் அதிகம், ஓய்வும் அதிகம் தேவை. இதைத் தெரிந்துதான் சென்னை மாநிலம் 1950களிலேயே, ஆர்.ஏ. கோபாலசாமி தலைமைச் செயலராக இருந்த காலத்தில், கருத்தடை செய்துகொள்பவருக்குப் பணம் தரும் முறையை நாட்டிலேயே முதலில் கொண்டுவந்தது. 1971ல் எர்ணாகுளத்தில் ஒரே மாதம் நடந்த முகாமில் 60,000 பேருக்கு மேல் செய்துகொண்டார்கள், பெரும்பாலும் தாமாக வந்து.

நெருக்கடி நிலையில் அந்த நல்ல அறுவைக்கு இலக்கு வைத்தார்கள். 1976 ஏப்ரல் 16 அன்று வெளியான தேசிய மக்கள்தொகைக் கொள்கை, மாநிலங்கள் விரும்பினால் கட்டாயச் சட்டம் போட்டுக்கொள்ளலாம் என்றது. மகாராஷ்டிரம் போட்டே விட்டது, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மட்டும் கிடைக்கவில்லை. பள்ளி ஆசிரியர் இத்தனை ‘கேஸ்’ பிடித்துவராவிட்டால் சம்பளம் இல்லை என்ற நிலை வட மாநிலங்களில் வந்தது. 1975-76ல் 26 லட்சத்துக்கு மேல் இருந்த கருத்தடைகள், 1976-77ல் 82 லட்சத்தைத் தாண்டின. அவற்றில் சுமார் 62 லட்சம் ஆண்களுக்குச் செய்தவை. இலக்கு 43 லட்சம்தான். ஏறக்குறைய இரண்டு மடங்கு சாதனை! கூட்டுப் பண்ணை வினாப்படிவத்தைப் போலவே இங்கேயும் எண்ணிக்கை மட்டும் மேலே போனது. அதற்குள் யார் யார் இருந்தார்கள் என்பது போகவில்லை. வயோதிகர் இருந்தார்கள்; அவர்களுக்குக் கருத்தடை செய்தால் ஒரு பிறப்பும் குறையாது. மணமாகாதவர்கள் இருந்தார்கள், இப்படி 548 புகார்களை, நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பின்னர் பதிவு செய்தது. கருத்தடையை ஒட்டிய 1,774 சாவுகளும் அதன் கணக்கில் இருக்கின்றன. மூன்று மாதம் கழித்து வரச் சொல்லிப் பரிசோதிக்க அந்த முகாம்களில் யாருக்கு நேரம்? இவற்றில் எதையும் பத்திரிகையில் எழுத முடியாது. தணிக்கை இருந்தது. மருத்துவர்களும் வாய் திறக்கவில்லை.

தமிழ்நாட்டில் 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்தது. இங்கேயும் முகாம்கள் நடந்தன, இலக்குகள் வந்தன. ஹரியாணாவில் ஊரைச் சுற்றிவளைத்து ஆண்களைப் பிடித்ததுபோன்ற வன்முறையின் உச்சம் வடக்கேதான். 1977 தேர்தலில் உத்தரப் பிரதேசத்திலும் பீகாரிலும் காங்கிரசுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்காதபோது, தமிழ்நாட்டில் அதன் கூட்டணி 39ல் 34 இடங்களில் வென்றது. நெருக்கடி நிலையை நாம் தோற்கடித்தோம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த எண்ணைப் பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொரு மிச்சமும் நம் தலையில் இருக்கிறது. குடும்பக் கட்டுப்பாட்டில் முந்தும் மாநிலம் எம்.பி. இடங்களை இழக்கக் கூடாது என்று மக்களவைத் தொகுதிக் கணக்கை 1971 மக்கள்தொகையில் நிறுத்திவைத்ததும் அதே 1976ன் கொள்கைதான். தொகுதி மறுவரையறை பற்றி இன்று நடக்கும் சண்டைக்கு வித்து அங்கே.

லைசென்கோவின் பொய்க் கோட்பாடு மரபியலைச் சில பத்தாண்டு முடக்கியது; பிறகு அந்தத் துறை எழுந்து நடந்தது. இங்கே பலியானது ஓர் உண்மையான மருத்துவ முறை, இன்னும் எழவில்லை. மறு ஆண்டே கருத்தடைகள் மொத்தம் 10 லட்சத்துக்கும் கீழே விழுந்தன. குடும்பக் கட்டுப்பாட்டுத் துறைக்குக் குடும்ப நலம் என்று பெயர் மாற்றினார்கள். எந்தக் கட்சி அரசும் அதற்குப் பிறகு நெடுங்காலம் ஆண்களிடம் இதைப் பற்றிப் பேசத் துணியவில்லை. சுமை முழுவதையும் பெண்ணின் வயிற்றின் மேல் ஏற்றினார்கள். தமிழ்நாட்டில் பிறப்பு விகிதம் 1990களிலேயே ஈடுகட்டும் அளவுக்கு இறங்கியது கட்டாயத்தால் வந்தது இல்லை. பெண்கள் படித்தார்கள், பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தது, பிறந்த குழந்தை பிழைத்தது. ஆனால் அதிலும் ஆபரேஷன் செய்துகொண்டவள் அவள்தான். எங்கள் பக்கத்தில் பிரசவ வார்டில் “கு.க. பண்ணியாச்சா?” என்று விசாரிப்பது பெண்ணிடம்தான், வெளியே நிற்கும் புருஷனிடம் யாரும் கேட்பதில்லை. பட்டாசு ஆலையில் நாளெல்லாம் உட்கார்ந்து மருந்து செலுத்தும் பெண்ணுக்கு, தையல் பிரித்து ஓய்வெடுக்கும் நாளெல்லாம் கூலி போன நாள்.

கத்தி வைக்காமல், தையல் இல்லாமல் செய்யும் நவீன ஆண் கருத்தடையைச் சீன மருத்துவர் லீ ஷுன்சியாங் 1974ல் உருவாக்கினார். அதுவும் மாவோவின் காலத்தில்தான். இன்று நம் அரசு மருத்துவமனைகளில் அதை இலவசமாகச் செய்கிறார்கள், ஊக்கத்தொகையும் தருகிறார்கள். ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் ஆண்களுக்கான இருவார முகாம் அறிவிக்கிறார்கள். 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, 15 முதல் 49 வயதுக்குட்பட்ட மணமான இந்தியப் பெண்கள் 1,000 பேரில் 379 பேர் தாங்களே கருத்தடை அறுவை செய்துகொண்டவர்கள். கணவர் செய்துகொண்டதாகச் சொன்னவர்கள் 3 பேர்.